சீனிவாசலு குளித்துக்கொண்டிருக்கிறார்

சூலூரில் ஒருவர் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இரண்டு மணி நேரம் அவருடைய போன் அணைந்து கிடந்தால் போதும், ஊரே விசாரிக்கக் கிளம்பிவிடும். "சுவிட்ச் ஆஃப்னு வருதுங்களே" என்று டீக்கடையில் ஒருவர் மெல்ல ஆரம்பிப்பார். பொழுது சாய்வதற்குள், அந்த மனிதர் நூல் கொடுத்தவரையும் தறிக்குப் பாவு கொடுத்தவரையும் கவிழ்த்துவிட்டு ஓடிப்போன கதை பல்லடம் தாண்டியிருக்கும். அந்தப் பாவி மனுஷன் பல் பிடுங்கிக்கொண்டு, வீட்டில் கன்னத்தைப் பிடித்தபடி படுத்திருப்பான். அதைப் போய் யார் பார்த்தார்கள்?

விசைத்தறிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சீனிவாசலு இந்த ஊரின் மனசைக் கரைத்துக் குடித்தவர். இத்தனை வருஷத் தொழிலில் அவருடைய போன் ஒரு தடவைகூட அணைந்ததில்லை. மகள் நவ்யாவின் கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது போன் அடித்தது. ஒரு கையில் சொம்பும் இன்னொரு கையில் போனுமாக, "நாளைக்கு வண்டியில ஏத்தி அனுப்பிடறேனுங்க" என்றார். சம்பந்தி வீட்டார் ஒரு நிமிஷம் ஆடிப்போனார்கள்.

பட்டறைச் சுவரில் அந்த எண் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கும். ஸ்கூட்டரின் பின்னால் அதுதான். வருஷா வருஷம் கொடுக்கிற காலண்டரில் அதுதான். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த எவர்சில்வர் டம்ளரின் அடியிலும் அதுதான். அதைத் தவிர வேறு ஓர் எண்ணும் அவருக்கு மனப்பாடம் கிடையாது. மனைவியின் எண் தெரியாது, மகளின் எண் தெரியாது. எல்லாரும்தான் அவரைக் கூப்பிடுகிறார்களே, அவருக்கு எதற்கு என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்ட மனிதருக்கு இத்தாலி போகிற யோகம் வந்தது. மிலான் நகரத்தில் தறி இயந்திரங்களின் கண்காட்சி. சங்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் கிளம்பினார்கள். அதற்குமுன் சீனிவாசலு போன அதிகபட்ச தூரம் சூரத். மற்றவர்கள் ஓட்டலில் தங்குவதாக ஏற்பாடு. இவர் மட்டும் அடுப்பு உள்ள வீடுதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ரசம் இல்லாமல் இவருக்கு நாள் நகராது. சட்டி, அரிசி, ரசப்பொடி எல்லாம் பெட்டியில் ஏறின. பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்த கோயமுத்தூர் சாய்கிருஷ்ணா, ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டைப் பிடித்துக் கொடுத்தார். "நீங்க மட்டும் ஒரு நாள் முன்னாடி போய் இறங்கறீங்க. கதவைத் திறக்கற நம்பர், மத்தவங்க ஓட்டல் பேரு, என்ற போன் நம்பர் எல்லாம் மெயில்ல வந்துருங்க. ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றார். ஒன்றும் யோசிக்காதீர்கள் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். சீனிவாசலு யோசிக்கவில்லை.

அவர் மண்டையைக் குடைந்ததெல்லாம் போன்தான். வெளிநாட்டிலும் வேலை செய்கிற மாதிரி ரோமிங் போட்டுக்கொள்ளலாம் என்று சாய்கிருஷ்ணா சொன்னார்.

"அப்படிப் போட்டா, கூப்பிடறவங்களுக்கு ரிங் சத்தம் மாறுமுங்களா?"

"கொஞ்சம் மாறுமுங்க. அதனால என்னங்க?"

அதனால் என்னவா? அந்தச் சத்தம் ஒருத்தர் காதில் விழுந்தால் போதாதா? சீனிவாசலு வெளிநாட்டுக்கு ஓடிவிட்டார் என்று அவிநாசி வரைக்கும் தண்டோரா போட்டுவிட மாட்டார்களா? ஆகவே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். போன் சூலூரிலேயே இருக்கட்டும், ஆள் மட்டும் போய்வரட்டும். தனக்கு, உள்ளே ஓர் எண்ணும் இல்லாத மாப்பிள்ளையின் பழைய போன் ஒன்றை எடுத்துக்கொண்டார். தன் போனை மனைவி வெங்கடம்மாளின் கையில் கொடுத்து இரண்டு கட்டளைகள் போட்டார்.

ஒன்று: "யாரு கூப்பிட்டாலும் நான் குளிச்சுட்டிருக்கேன்னு சொல்லு. எங்கேயும் போகலைன்னு சொல்லு."

"பத்து நாளைக்குமுங்களா?" என்று வெங்கடம்மாள் கேட்டாள்.

"பத்து நாளைக்குந்தான்."

இரண்டாவது கட்டளைக்குக் காரணம், கல்யாண மண்டபத்தில் போலீஸார் நடத்திய ஒரு கூட்டம். போனில் பேசிப் பேசியே ஏமாற்றுகிறவர்களைப் பற்றி ஒரு பெண் இன்ஸ்பெக்டர் விளக்கிச் சொன்னார். மனைவியைக் கூட்டிக்கொண்டு போனவரே சீனிவாசலுதான். "ஓடிபி நம்பர் வந்தா ஒருத்தருக்கும் சொல்லாதே. நானே கேட்டாலும் சொல்லாதே" என்று சொல்லி, சாமி படத்தின் முன்னால் தலையாட்டவும் வைத்தார்.

வெங்கடம்மாள் தலையாட்டினால் ஆட்டினதுதான்.

மிலானில் இறங்கியதும் விமான நிலையத்துக் கடையிலேயே அந்த ஊர் சிம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டார். சாய்கிருஷ்ணா எழுதிக் கொடுத்த விலாசத்தைக் காட்டி வாடகைக் காரில் வீட்டு வாசலில் போய் இறங்கினார். அங்கே மதியம்; சூலூரில் விளக்கு வைக்கும் நேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. விமானம் ஏறும்போது மாப்பிள்ளை மாட்டிவிட்ட கோட்டு, அதற்குமேல் மப்ளர், தலையில் குரங்குக் குல்லா. அந்தக் குளிருக்கு இதெல்லாம் போதவில்லை.

பெரிய மரக்கதவு. சாவித் துவாரம் கிடையாது, காவலாளி கிடையாது, கூப்பிடுகிற மணிகூட எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. எண்களை அழுத்துகிற பலகை ஒன்று மட்டும் சுவரில் இருந்தது. அந்த எண்தான் மெயிலில் வந்திருக்கும். சீனிவாசலு மாப்பிள்ளையின் போனில் மெயிலைத் திறக்கப் பார்த்தார். புதுப் போன், புது ஊர் என்று அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது. இது நீங்கள்தானா என்று கேட்டது. நீங்கள்தான் என்றால் உங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது.

அவர் கோட்டுப் பையைத் தடவினார். அப்புறம்தான் உறைத்தது. அந்தப் போன் சூலூரில், பூஜை அலமாரிக்குப் பக்கத்தில், சார்ஜில் கிடக்கிறது. கதவைத் திறக்க எண் வேண்டும், எண்ணைப் பார்க்க மெயில் வேண்டும், மெயிலைத் திறக்க ஓர் எண் வேண்டும், அந்த எண் ஏழு கடல் தாண்டி வெங்கடம்மாளிடம் இருக்கிறது. "அட கெரகமே" என்றார் சீனிவாசலு.

யாரைக் கூப்பிடுவது? தெரிந்தது ஓர் எண்தான். தன் எண்ணுக்கே போன் போட்டார்.

"ஹலோ" என்றாள் வெங்கடம்மாள்.

"இந்தா, நாந்தான்."

"அவரு குளிச்சுட்டிருக்காருங்க. அப்பறமாக் கூப்பிடுங்க."

"குளிக்கறதே நாந்தான். அதாவது, குளிக்கலை. மிலான்ல நிக்கறேன்."

"அவரு எங்கேயும் போகலீங்க. ஊட்டுலதான் இருக்காரு. குளிச்சுட்டிருக்காரு." வைத்துவிட்டாள்.

மறுபடியும் போட்டார், மறுபடியும் குளித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை, அவள் வாயைத் திறக்கும் முன்பே அவசரப்பட்டு ஒரு தப்புச் செய்தார். "போன்ல ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, அதை மட்டும் சொல்லு" என்றார்.

அந்தப் பக்கம் போனைக் கையால் பொத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் வெங்கடம்மாளின் குரல் வேறு யாரிடமோ சொன்னது: "டீச்சர், வந்துட்டானுங்க."

டீச்சர் என்பது பக்கத்து வீட்டு டெய்சி. மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவர் பரீட்சை அறையில் நின்றால் மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றும் என்று பேர். அந்த போலீஸ் கூட்டத்துக்கு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, குறிப்பு எடுத்துக்கொண்டவரும் அவர்தான்.

"ஸ்பீக்கர்ல போடு வெங்கடம்மா" என்றது டெய்சியின் குரல்.

வெங்கடம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். கொங்குநாட்டுக்காரியல்லவா, திருடனிடமும் மரியாதை தவறக் கூடாதே. "ஏனுங்க, உங்களுக்கெல்லாம் வேற பொழப்பே இல்லீங்களா? நல்லாத்தான பேசறீங்க, ஒரு கம்பெனி வேலைக்குப் போகக் கூடாதுங்களா? இந்நேரம் சாப்பிட்டீங்களோ இல்லையோ. இப்படி அடுத்தவங்க ஊட்டுல கை வெச்சா உங்களுக்கு ஒட்டுமுங்களா?"

"அம்மணி, நான் திருடன் இல்லை. என்ற குரல் உனக்குத் தெரியலையா?"

"குரலெல்லாம் செஞ்சுபோடறாங்கன்னு அந்த இன்ஸ்பெக்டரம்மா சொன்னாங்களேங்க. எங்கூட்டுக்காரருக்கு இப்படி மூக்கடைச்ச குரலும் இல்லீங்க."

மழையில் நின்றால் மூக்கு அடைக்காமல் என்ன செய்யும்? சரி, முகத்தையே காட்டிவிடலாம் என்று வீடியோவில் கூப்பிட்டார். திரையில் வெங்கடம்மாளின் நெற்றியும் டெய்சியின் கண்ணாடியும் தெரிந்தன. அவர்களுக்குத் தெரிந்தது கோட்டும் மப்ளரும் குரங்குக் குல்லாவும்.

"யாருங்க டீச்சர் இது?"

"ஜாடை இருக்குது. ஆனா உங்கூட்டுக்காரர் என்னிக்குக் கோட்டுப் போட்டாரு? ஏஐ-ல மூஞ்சி செய்யறப்ப இப்படித்தான் துணிமணியில கோட்டை விட்டுடுவாங்களாம். உங்கூட்டுக்காரரே எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினாரு, மூணு தடவை."

உண்மைதான், அனுப்பியிருந்தார். சீனிவாசலு வீடியோவை அணைத்தார். மறுபடி கூப்பிட்டு, இந்தத் தடவை வீட்டில் பேசுகிற தெலுங்கிலேயே கெஞ்சினார். டீச்சர் இருக்காங்க, தமிழிலேயே பேசுங்க என்றாள் வெங்கடம்மாள். "தெலுங்கு பேசினா நம்பிருவோமுங்களா? இங்க தெருவுக்குப் பாதிப் பேரு அதைத்தானே பேசறாங்க."

"வெங்கடம்மா, தயவு பண்ணி நான் சொல்றதைக் கேளு."

"பார்த்தீங்களா டீச்சர், பேரைச் சொல்லிக் கூப்பிடறாரு. எங்கூட்டுக்காரரு ஒரு நாள்கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லீங்க. 'இந்தா'தான்." மறுபடியும் வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, நாய்க்குட்டியைப் பிடித்தபடி ஓர் இத்தாலியப் பாட்டியம்மா குடையோடு வந்து, எண்களை அழுத்தி, அதே கதவைத் திறந்தாள். கூடவே நுழைந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நம் ஆள் என்ன செய்தார் தெரியுமா? பெட்டிகளை ஓரமாக நகர்த்தி, கதவைப் பிடித்துக்கொண்டு, குல்லாவைக் கழற்றி, "நீங்க போங்கம்மா, நீங்க போங்க" என்று வழிவிட்டார். பாட்டியம்மா மனம் குளிர்ந்து ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனாள். இவர் குல்லாவை மறுபடி மாட்டுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. மரியாதை முக்கியம்தான். அதற்காக இப்படியா?

மழை வலுத்தது. பெட்டிக்குள் அரிசி நனைந்து ஊறிக்கொண்டிருப்பதை நினைத்தபோது சீனிவாசலுவுக்கு அழுகையே வந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் எங்கே போவது? பேச்சுத் தெரியாத ஊர், ஒருத்தர் முகம் தெரியாது, சங்கத்துக்காரர்கள் நாளைக்குத்தான் வருவார்கள், அவர்கள் எந்த ஓட்டலுக்கு வருவார்கள் என்பதும் மெயிலில்தான் இருக்கிறது. மெயில் திறக்காவிட்டால் இந்த வாசற்படிதான் வீடு. மறுபடியும் தன் எண்ணுக்கே போட்டார். இந்தத் தடவை எடுத்தது டெய்சி.

"இதோ பாருங்க, யாரா இருந்தாலும் சரி. நீங்கதான் இந்தம்மா வீட்டுக்காரர்னா, நாங்க கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லுங்க. சரியாச் சொன்னா அந்த நம்பரைத் தர்றோம்."

சீனிவாசலுவுக்கு உயிர் வந்தது. முப்பத்தொரு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தாயிற்று. இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் உண்டா? "கேளுங்க டீச்சர்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"வெங்கடம்மாவோட பொறந்த நாள் என்னிக்கு?"

சீனிவாசலு வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் மழைதான் விழுந்தது. எந்தத் தறிக்கு எந்த வருஷம் எந்தப் பாகம் போனது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். "ஆடியிலயோ ஆவணியிலயோ வருமுங்க டீச்சர்."

"தையில வருதுங்க" என்றாள் வெங்கடம்மாள், பின்னாலிருந்து.

"சரி, அடுத்தது. காலையில காபிக்கு வெங்கடம்மா எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டுக்குவாங்க?"

இது தெரியும். தினமும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து குடிக்கிறார்களே. "ரெண்டுங்க" என்றார் உடனே.



"நான் காபியை விட்டு ஆறு வருஷம் ஆச்சுங்க" என்றாள் வெங்கடம்மாள். "வயித்துக்கு ஒத்துக்கலைன்னு டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு. வெந்நீர்தான் குடிக்கறனுங்க."

சீனிவாசலு கண்ணை மூடி அவள் குடிக்கிற டம்ளரை நினைத்துப் பார்த்தார். டம்ளர் தெரிந்தது, அதன் அடியில் எழுதியிருந்த தன் போன் எண்ணும் தெரிந்தது. உள்ளே என்ன இருந்தது என்று தெரியவில்லை. ஆறு வருஷமாக அவள் எதிரில் உட்கார்ந்து போனில்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"கடைசிக் கேள்வி" என்றார் டெய்சி. பெயிலாகப் போகிற பையனிடம் பேசும்போது வருகிற இரக்கம் அவர் குரலில் வந்திருந்தது. "வெங்கடம்மாவுக்கு முட்டி வலி இருக்குதில்ல? எந்தக் கால்ல?"

வலி இருக்கிறதா? அதுவே அவருக்குச் செய்திதான். எண்ணெய் வாசம் வரும். ராத்திரியில் தைலம் தேய்க்கிற வாசம், அது என்னவோ கொசுவுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். "வலதுங்க" என்றார், குத்துமதிப்பாக. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"தப்பு" என்றார் டெய்சி. "மூணுக்கு மூணும் தப்பு. வெச்சிடு வெங்கடம்மா, இவன் சுத்தமான ஃபிராடு. போலீஸ்ல சொல்லிடலாம்."

சீனிவாசலு சுவரில் சாய்ந்துகொண்டார்.  குல்லாவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவமானம் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தார். குளிர்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

"வேண்டாங்க டீச்சர்" என்றாள் வெங்கடம்மாள். "இது எங்கூட்டுக்காரர்தானுங்க."

"ஏம்மா, ஒண்ணுக்குக்கூடச் சரியா சொல்லலையே?"

"அதனாலதானுங்க சொல்றேன். திருடனுங்ககிட்ட நம்ம ஆதாரு, பொறந்த தேதி, ஆஸ்பத்திரி சீட்டு எல்லாமே இருக்குதுன்னு இன்ஸ்பெக்டரம்மா சொன்னாங்கள்ல? திருடனா இருந்தா பொறந்த நாளாவது டக்குன்னு சொல்லியிருப்பானுங்க. என்னைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஆளு உலகத்துல எங்கூட்டுக்காரரு ஒருத்தர்தானுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மழை வரும்போல இருக்கிறது, கொடியில் கிடக்கிற துணியை எடுக்கணும் என்பதுபோல் சொன்னாள்.  டெய்சி டீச்சர் எத்தனையோ விடைத்தாள் திருத்தியவர். எல்லாம் தப்பாக எழுதி முழு மதிப்பெண் வாங்கின ஆளை அவரும் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"சாமி மன்னிச்சுக்கட்டும், எழுதிக்குங்க" என்ற வெங்கடம்மாள் ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். அந்த எண்ணுக்குக் காலம் கடந்துவிட்டது என்றது மெயில். புதிதாக இன்னொன்று கேட்டு, அதையும் வாங்கிப் போட்டார். மெயில் திறந்தது. கதவு எண் வந்திருந்தது, ஓட்டல் பெயர் வந்திருந்தது, 'பயணம் இனிதாகட்டும்' என்று சாய்கிருஷ்ணா ஒரு பூங்கொத்துப் படமும் அனுப்பியிருந்தார்.

"லைன்லயே இருக்கறனுங்க" என்றாள் வெங்கடம்மாள். "உள்ளே போயிட்டீங்கன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி. இங்க காலையில இருந்து அறுபது பேருக்குப் பதில் சொல்லியாச்சு. இத்தனை நேரமாக் குளிக்கறாரே, உடம்புக்கு ஏதாவதுங்களான்னு தறிக்கார வெங்கடபதி அண்ணன் இளநி வாங்கிட்டு ஊட்டுக்கே வந்துட்டாரு."

வழக்கமாக இருந்தால் வெங்கடபதி ஏன் வந்தார், என்ன கேட்டார், தன் மேல் சந்தேகம் ஏதாவது வந்துவிட்டதா என்று துருவித் துருவிக் கேட்டிருப்பார். சீனிவாசலு கேட்கவில்லை. எண்களை அழுத்தினார். பூட்டு விலகிக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்து முகத்தில் பட்டது.

"தொறந்துச்சுங்களா?"

"தொறந்துச்சு."

"அப்ப உள்ளே போய்த் தலையைத் துவட்டுங்க. முதல்ல அந்த ஈரக் குல்லாவைக் கழட்டுங்க. ரசம் வெச்சுக் குடிங்க. நான் போனை வெச்சுடட்டுமுங்களா?"

"வெச்சுராதே" என்றார் அவர். "சித்த இரு."

"ஏனுங்க?"

அவருக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஒரு பெட்டியைப் படி மேல் தூக்கி வைத்தார், மறுபடியும் கீழே இறக்கினார்.

"இடது காலா அம்மணி?" என்று கேட்டார். "வலிக்கறது."

சூலூரில் எங்கோ தறி ஓடுகிற சத்தம் மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. வைத்துவிட்டாளோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை.

"ரெண்டுந்தானுங்க" என்றாள் வெங்கடம்மாள்.

கதவு திறந்தது திறந்தபடி இருக்க, சீனிவாசலு மழையிலேயே நின்றுகொண்டிருந்தார்.